நலமென்றால் ஒன்றை அழுத்தவும்

லாலாகுடா, செகந்திராபாத்
2 செப்டம்பர் 2024

அன்பு மேரிக்கு, உன் அண்ணி ஜெஸ்ஸி எழுதுவது.

மரியே வாழ்க. இங்கே நானும் அஸ்வினியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அந்த மலைக் குளிரில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன தடவை தைலம் அனுப்பினேனே, கைக்கு வந்ததா, இல்லை மதர் அதை மடத்துப் பொதுவில் சேர்த்துவிட்டார்களா? (மதர், நீங்கள் படித்துவிட்டுத்தான் கொடுப்பீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா கேட்டேன்.)

எட்டாம் தேதி மாதா திருநாளோடு உன் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து போன கூட்டத்தில் வெயிலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் இங்கிருந்து ரயில் பிடித்துப் பொன்மலை வந்து சேர்வதற்குள் அப்பா பக்கத்தில் வைத்து மண் மூடியாகிவிட்டது. வெளியே வர அனுமதியில்லாத அடைப்பு மடத்தில் இருக்கும் நீயும் பார்க்கவில்லை. பார்த்தவன் உன் தம்பி முரளி ஒருவன்தான். அதனால்தானோ என்னவோ, இன்னும் சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் என் தலை தானாகத் திரும்புகிறது. அன்றைக்கு இங்கே பூசை கொடுத்திருக்கிறேன். நீயும் நினைத்துக்கொள்.

முரளி எங்கள் முன்னறையில்தான் இருக்கிறான். கச்சிபௌலியில் பெரிய பெரிய அபார்ட்மெண்டுகளுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போகிறான். ஊரையே மேலே ஏற்றுகிற பிள்ளைக்கு நம் வீட்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால், "ஒண்ணுமில்ல அண்ணி, தூசி" என்கிறான். கல்யாணம் பண்ணிக்கோடா என்றால் அதற்கும் தூசி என்கிறான். நீ இரண்டு வரி எழுது, உனக்குத்தான் பயப்படுவான்.

அஸ்வினி தன் அத்தைக்கு முத்தம் சொன்னாள், தெலுங்கில்.

உன் அண்ணி,
ஜெஸ்ஸி


கார்மேல் மடம்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இயேசுவின் சமாதானம். தைலம் வந்தது. மதர் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்கள். உங்கள் கடிதம் படித்து அவர்கள் சிரித்த சத்தம் எனக்குத் தாழ்வாரம் வரை கேட்டது. முட்டி பரவாயில்லை, முழங்காலில் நிற்கிற வேலைதானே எங்களுக்கு, அது பழகிக்கொள்ளும்.

எட்டாம் தேதி அண்ணனுக்காக நாள் முழுக்க செபித்தேன். இங்கே திங்கட்கிழமைதோறும் இரவு உணவுக்கு முன் சிற்றாலயத்தில் கூடி, ஒவ்வொரு சகோதரியும் தன் வீட்டு இறந்தவர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்வோம். நான் அப்பா, அம்மா, பிறகு குணசேகரன் என்று சொல்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் இன்னும் குரல் ஏறி இறங்குகிறது. அவனுடைய முகத்தைக் கடைசியாக நான் பார்த்தது கம்பி அடைப்புக்கு அந்தப் பக்கம், சாக்லேட் தின்றுகொண்டிருந்த முகம். செத்தபின் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அதற்காக ஒன்றும் செய்துவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

முரளிக்குச் சொல்லுங்கள், தூசி என்பது மூக்கில் ஏறுவது, மாடிப்படியில் ஏறுவதில்லை. உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தவன் அவன். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள்.

திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன் எழுதுங்கள்.

சகோதரி லூர்துமேரி


லாலாகுடா
10 அக்டோபர் 2024

அன்பு மேரி,

மரியே வாழ்க. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

முரளி வேலை செய்கிற இடத்தில் படிக்கட்டில் விழுந்துவிட்டான். கூட வேலை செய்பவர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ சொன்ன அந்தச் சின்ன வயசுக் காய்ச்சல்தானாம், இருதயத்தில் ஒரு வால்வைத் தின்றுவிட்டிருக்கிறது. நுரையீரலில் நீர். அதை மருந்தில் வடித்துவிட்டு, வேறு வால்வு வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கிறிஸ்துமஸ் பார்க்க மாட்டான் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

சர்க்கார் கார்டு இருந்தால் ஆபரேஷன் சும்மா. நம் கார்டு குடும்பக் கார்டு. அதில் மச்சினனுக்கு இடம் இல்லை. தனியாளுக்கு இங்கே கார்டே கிடையாதாம். பொன்மலைக் கார்டிலிருந்து அம்மா போனபோதே அவன் பெயரும் போயிற்று. லிஃப்ட் கம்பெனிக்காரன் அவனை ஒப்பந்த ஆள் என்கிறான். பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவனுக்கு மட்டும்தான் நெஞ்சு வலிக்கும் என்று யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள். பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், வரிசை பொங்கலுக்கு அப்புறம் வரை போகிறது.

இப்போது ஏற்பாடாகிவிட்டது. எப்படி என்று கேட்காதே. நவம்பர் இரண்டு ஆபரேஷன். அது என்ன நாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேரி, ஒன்று கேட்கிறேன், செய்வாயா? நான் சொல்கிறவரைக்கும் உன் அண்ணன் பெயரை இறந்தவர்களோடு சேர்த்துச் சொல்லாதே. திங்கட்கிழமையும் வேண்டாம், அந்த இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஜெஸ்ஸி


கார்மேல் மடம்
22 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணி,

இயேசுவின் சமாதானம் உங்களுக்கு வேண்டும், முரளிக்கு வேண்டும். இரவும் பகலும் அவனுக்காகத்தான் செபிக்கிறோம். மடத்தில் எல்லோருக்கும் அவன் பெயர் தெரியும். வயதான சகோதரி ஒருவர் அவன் என் மகன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், திருத்தவில்லை.

நீங்கள் கேட்டதைப் பலமுறை படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். என் அண்ணனுக்காக நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். பிணத்தைப் பார்க்கவில்லை, மண் போடவில்லை, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழவில்லை. பெயரைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அதையும் விடச் சொன்னால் எப்படி அண்ணி?

மதரிடம் கேட்டேன். கடிதத்தை மறுபடி வாங்கிப் படித்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தார்கள். பிறகு, "உன் அண்ணி எதற்கோ பயப்படுகிறாள். அவள் சொல்கிறபடி செய்" என்றார்கள்.

செய்கிறேன். எதற்கு என்று தெரியாமல் செய்கிறேன்.

லூர்துமேரி


லாலாகுடா
18 நவம்பர் 2024

அன்பு மேரி,

மரியே வாழ்க, ஆயிரம் தடவை வாழ்க! முரளி பிழைத்துவிட்டான். எழுந்து உட்கார்ந்து, இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று என்னோடு சண்டை போடுகிற அளவுக்குப் பிழைத்துவிட்டான். உன் செபமும் உன் மடத்துச் செபமும்தான். நீ எப்படி இருக்கிறாய்? என் மேல் இன்னும் கோபமா?

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது ஒரு கூத்து. நர்ஸ் அவனைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது, "அண்ணி, அண்ணன் எங்க?" நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் அவனையே கூப்பிடுறாங்க, பக்கத்துக் கட்டில்லதான் படுத்திருக்கான், ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறான்? அவனப் போயி எழுப்புங்க" என்றான். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது, மேரி. வெள்ளைத் துணி விரித்து, யாருக்கோ தயாராக. மயக்க மருந்து தெளியாத பேச்சு என்று நர்ஸ் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வைத்திருப்பது இரும்பு வால்வு. டிக், டிக் என்று சத்தம் போடுகிறது. கரண்ட் போய் ஃபேன் நின்றால் முன்னறையிலிருந்து அடுக்களை வரை கேட்கிறது. அஸ்வினிக்கு முதலில் பயம், இப்போது, "பாபாய் வாட்ச் விழுங்கிட்டார்" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் ஒருமுறை போன் வருமாம், நலம் விசாரிக்க. மெஷின்தான் பேசும். நலமென்றால் ஒன்றை அழுத்த வேண்டும், முடியவில்லை என்றால் இரண்டு. மாதக் கடைசியில்தான் வருமாம், முதல் போன் மட்டும் நேற்றே வந்தது. ஒன்றை அழுத்தினேன்.

நான் சொன்னதை இன்னும் கொஞ்ச நாள் அப்படியே வைத்திரு.

ஜெஸ்ஸி


கார்மேல் மடம்
28 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

ஆண்டவருக்கு நன்றி. உங்கள் கடிதம் வந்த அன்று மடத்தில் பாயசம். சகோதரிகள் எல்லோரும் முரளி பெயரைச் சொல்லிக் குடித்தார்கள்.

கல்லறைத் திருநாள் எப்படிப் போனது என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். மெழுகுவர்த்தி ஏற்றி வரிசையாகப் பெயர் சொல்லி வந்தோம். என் முறை வந்தது. அப்பா, அம்மா என்று சொல்லி நிறுத்தினேன். எப்போதும் மூன்று பெயர் சொல்பவள் ஆகையால் எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் அடுத்த பெயருக்குப் போகவில்லை. அந்த அமைதியில் அவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, என்னையும் கூப்பிடு என்று பார்ப்பதுபோல் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணி, மயக்க மருந்து இல்லாத ஒரு பெயரைக் காதில் போடாது. அந்த அறையில் எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது யார் பெயரை? கார்டில் இடமில்லாத என் தம்பி எந்தப் பெயரில் படுத்திருந்தான்? நான் ஒருத்தி மலைமேல் உட்கார்ந்து அந்தப் பெயரை இறந்தவர்களோடு சொன்னால், அது கீழே படுத்திருப்பவனை இழுத்துவிடும் என்று பயந்தீர்களா? எனக்கு இப்போது புரிகிறது. மதருக்கு அக்டோபரிலேயே புரிந்துவிட்டது.

ஞாயிறு முதல் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் வரை எழுத முடியாது. மதர் ஒன்று சொல்லச் சொன்னார்கள்: இனி உங்கள் கடிதங்களை அவர்கள் பிரிக்கப்போவதில்லை. என் கையில் மட்டும்தான் வரும். எழுதுங்கள்.

லூர்துமேரி


லாலாகுடா
6 ஜனவரி 2025

அன்பு மேரி,

மரியே வாழ்க, புத்தாண்டு வாழ்த்து உனக்கும் மதருக்கும். (பழக்கத்தில் அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன் பார்.)

ஆமாம். உன் அண்ணன் பெயரில்தான் படுத்தான்.

அவர் போனது ஊர்ப்பக்கம், பொன்மலையில் பதிந்தார்கள். இங்கே நான் யாருக்கும் சொல்லவில்லை. போய்ச் சொல்லக் கால் வரவில்லை, அவ்வளவுதான், வேறே எந்தத் திட்டமும் இல்லை. கார்டில் அவர் அப்படியே இருந்தார், மீசையோடு, பழைய போட்டோவில். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு என்று உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கார்டு கவுண்டரில் சுமலதா என்று ஒரு பெண். போட்டோவைப் பார்த்தாள், ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஈயனேனா அக்கா?" இவர்தானா என்று கேட்டாள். "ஹவ்", ஆமாம் என்றேன். அவள் தெலுங்கில் கேட்டதற்கு எனக்கு ஏனோ எங்கள் காலனி உருதுதான் வாயில் வந்தது. "மீ பர்த்தா?" உன் புருஷனா? அதற்கும் ஹவ். அந்த ஒரு வார்த்தையில் உன் அண்ணனை உயிரோடு எழுப்பி, உன் தம்பியை இல்லாமல் பண்ணினேன். மூச்சு விடத் திணறிக்கொண்டு முரளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, "நக்கோ அண்ணி, வேண்டாம்" என்றது அது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பிள்ளை சாகக் கிடக்கிறான், மேரி. எனக்குப் பாவமாகவே தெரியவில்லை. இப்போதும் அதற்காக நான் அழ மாட்டேன்.

அழுவது வேறே ஒன்றுக்கு. அந்த போன். மாதாமாதம் வருகிறது. ஒரு பெண்ணின் குரல், நல்ல குரல், இனிமையாகக் கேட்கிறது: "குணசேகரன் காரு பாகுன்னாரா?" குணசேகரன் நலமா? அவர் போனதிலிருந்து யாரும் என்னிடம் அவரைக் கேட்டதில்லை. கேட்க மாட்டார்கள்தானே, செத்தவரை யார் நலம் கேட்பார்கள்? இந்த மெஷின் கேட்கிறது. நான் ஒன்றை அழுத்துகிறேன். "சந்தோஷம், அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்கிறது. அன்றைக்கு முழுக்க எனக்கு அவர் எங்கோ வேலைக்குப் போயிருக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு தடவை அவருக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன். அஸ்வினி தட்டை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

கரண்ட் போனால் டிக் டிக் கேட்கிறது. அந்த வால்வு அவர் பெயருக்கு வந்தது. முன்னறையில் இருப்பது யார் என்று ஒரு நொடி எனக்குக் குழம்பிப்போகிறது. பயமாக இருக்கிறது, மேரி. பிடித்தும் இருக்கிறது. அதுதான் பயம்.

ஜெஸ்ஸி


கார்மேல் மடம்
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணி,

இயேசுவின் சமாதானம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு முட்டிவலி காரணமில்லை.

நீங்கள் செய்தது பாவமா என்று நான் சொல்லப்போவதில்லை. என் தம்பி இட்லிக்குச் சண்டை போடுகிறான், அது எனக்குப் போதும். தனியாக இருக்கிற ஏழைக்கு இருதயம் இல்லை என்று முடிவெடுத்தவர்கள் தங்கள் பாவத்தை முதலில் பார்க்கட்டும்.

ஆனால் என் அண்ணன்? நீங்கள் சொன்னபடி நான் இன்னும் அவன் பெயரைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை தோறும் இரண்டு பெயரோடு நிறுத்துகிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் அவன் உயிரோடு இருக்கிறான், ஆனால் உயிரோடு இல்லை. இங்கே எங்கள் சிற்றாலயத்தில் அவன் இறந்தவனும் இல்லை. அவன் எங்கே போவான், அண்ணி? யார் வீட்டு வாசலில் நிற்பான்? போன வாரம் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள், அவன் நடப்பதுபோல இடது காலை இழுத்து. மடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம், வழி கிடையாது. களைக்கொத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நாற்பது வயதில் ஒரு கன்னியாஸ்திரீ சொந்த அண்ணனுக்குப் பயந்து ஓடினாள்.

அடுத்த புதன் தவக்காலம் தொடங்குகிறது. உயிர்ப்பு விழாவுக்குப் பிறகுதான் எழுதுவேன். யோசியுங்கள்.

லூர்துமேரி


லாலாகுடா
11 மே 2025

அக்காவுக்கு, முரளி எழுதுறேன்.

மரியே வாழ்க. எனக்குக் கையெழுத்து எப்பவும் கோழி கிண்டினதுதான், பொறுத்துக்கோ. உடம்பு நல்லா இருக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்கல. வேலைக்கும் போக ஆரம்பிச்சுட்டேன். நீ எப்படி இருக்கே, மலையில மழை உண்டா?

அக்கா, இங்க புதுசா கார்டுக்குப் பதியுறாங்க. தனியாளுக்கும் உண்டுன்னு எங்க ஏரியாவுல ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. வாடகை வீடு, கல்யாணம் ஆகாதவன், யாரா இருந்தாலும் வருமானம் கம்மின்னா பேர் கொடுக்கலாமாம். என் பேர்ல, அக்கா. முரளின்னு. எனக்கு அப்படியே அழுகை வந்துடுச்சு.

ஆனா பதியணும்னா என் முகத்தப் போட்டோ எடுப்பாங்க. அதே ஆஸ்பத்திரியில அதே முகம் குணசேகரனா இருக்கு. வேற ஆஸ்பத்திரிக்குப் போனா இந்த வால்வு எப்ப, யார் வெச்சதுன்னு கேப்பாங்க. உயிர் இருக்கிறவரைக்கும் மாத்திரை, ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கணும். அதனால முதல்ல அண்ணன் செத்துட்டான்னு சொல்லியாகணும். அண்ணிகிட்டச் சொன்னேன். "மாட்டிக்குவோம்டா, போலீஸ் கேஸாயிடும், சும்மா இரு" அப்படின்னாங்க. கேஸுக்கு மட்டும் பயமில்ல. போன் வர்ற அன்னிக்கு அண்ணி தலைக்குக் குளிச்சு, நல்ல புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் பார்த்துட்டேன்னு அவங்களுக்குத் தெரியாது.

என் கதை இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில குணசேகரன்னு கூப்பிட்டா உடனே எந்திரிச்சு நிக்கிறேன். போன வாரம் வேலையில சூப்பர்வைசர் முரளி, முரளின்னு கத்தியிருக்காரு. நான் திரும்பவே இல்ல. லிஃப்ட் கதவுல கை மாட்டியிருக்கும். அக்கா, அண்ணனுக்கு மண்ணு போட்டது நான். அவன் முகத்துல துணிய மூடினது நான். எனக்குத்தான் தெரியும் அவன் இல்லன்னு. எனக்கே மறந்து போகுதுன்னா அப்புறம் அவன் செத்தத யார் சொல்றது?

நீ சொன்னா அண்ணி கேப்பாங்க.

முரளி


கார்மேல் மடம்
2 ஜூன் 2025

அன்புள்ள அண்ணி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. உங்களை யாராவது நலம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று இப்போதுதான் யோசித்தேன். நான்கூட ஒவ்வொரு கடிதத்திலும் முரளியைக் கேட்டேன், அண்ணனுக்காக அழுதேன். அதை அப்புறம் பேசுவோம்.

முரளிக்குச் சொந்தப் பெயரில் நோய்வாய்ப்படும் உரிமை வந்திருக்கிறது. அதைக் கேட்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அது இல்லாமல்தானே இவ்வளவும். அவனை அவன் பெயருக்குத் திரும்ப அனுப்புங்கள். தண்டனை வந்தால் வரட்டும், நம் மூவரில் யாருக்கும் இதைவிடப் பெரிய தண்டனையை எந்த ஆபீசும் கொடுத்துவிடாது.

என் அண்ணனை என்னிடம் கொடுத்துவிடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

லூர்துமேரி


லாலாகுடா
14 செப்டம்பர் 2025

அன்பு மேரி,

மரியே வாழ்க. உன் கடிதத்துக்கு மூன்று மாதம் பதில் எழுதவில்லை. கோபம்தான். என் புருஷனை என்னிடம் கேட்க நீ யார் என்று கோபம். ஏ.எஸ்.ராவ் நகரில் நான் ஆயா வேலை பார்க்கிற பாலர் பள்ளிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். ஒருநாளும் நான் ஜெயிக்கவில்லை.

எட்டாம் தேதி அவர் போன நாள். மூன்று வருஷம். காலையில் பூசைக்குப் போய் வந்தோம். பன்னிரண்டு மணிக்கு கரண்ட் போயிற்று. நான், முரளி, அஸ்வினி, மூன்று பேரும் முன்னறையில். டிக், டிக். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எப்போதும் மாதக் கடைசியில் வருவது அன்றைக்கு வந்தது. ஏன் என்று தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன்.

"குணசேகரன் காரு பாகுன்னாரா?"

ஒன்றின் மேல் விரல் போய்விட்டது, மேரி. அஸ்வினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் தெலுங்கிலேயே பதில் சொல்கிற பெண், தமிழில் சொன்னாள்: "அம்மா, அப்பா இல்லம்மா." அவ்வளவுதான் சொன்னாள்.

நலமென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு, நோயாளி இறந்துவிட்டால் மூன்று. இத்தனை மாதமும் அந்த மூன்றைச் சொல்ல விடாமல் நான் முதலிலேயே ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தேன். அழுத்தினேன், மூன்றை. "வருந்துகிறோம். பீப் சத்தத்துக்குப் பிறகு இறந்தவர் பெயரையும் தேதியையும் சொல்லுங்கள்" என்றது. அதே இனிமையான குரல். பீப் அடித்தது. தேதி என்று எதைச் சொல்வது? இன்றைய தேதியைச் சொன்னால் ஆபத்தில்லாமல் முடிந்துவிடும் என்று ஒரு பக்கம் புத்தி ஓடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முரளி போனை என் கையிலிருந்து வாங்கினான். "குணசேகரன் செத்து மூணு வருஷம் ஆச்சுங்க. பொன்மலையில நான்தான் மண்ணு போட்டேன். வால்வு வெச்சது எனக்கு. என் பேரு முரளி" என்றான். தமிழிலேயே சொன்னான். அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ. போன் வைத்துவிட்டது. அப்புறம் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்றைக்குக் கல்லறையிலும் அழாதவன் என்று சொன்னார்கள்.

மறுநாள் நாங்களே ஆஸ்பத்திரிக்குப் போனோம், பொன்மலை இறப்புச் சான்றிதழோடு. சுமலதா வாங்கிப் பார்த்தாள். "எனக்குத் தெரியும் அக்கா" என்றாள் தெலுங்கில். ஸ்ட்ரெச்சரில் இருந்தவனுக்குக் காதுக்குக் கீழே மச்சம், போட்டோவில் இல்லையாம். ஆஸ்பத்திரிப் பெரிய அதிகாரிகள் எழுதி வாங்கிக்கொண்டார்கள், விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். என்ன ஆகுமோ தெரியாது. முரளி புது கார்டுக்குப் பதிந்துவிட்டான், இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை மாத்திரையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். டாக்டர் அவன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "முரளி, மூச்சை இழுத்து விடுங்க" என்றார். பெயர் சொல்லி. இவன் சரியாக இழுத்து விட்டான்.

இனி அந்த போன் வராது. மாதக் கடைசி வந்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

உன் அண்ணனை உனக்குக் கொடுத்துவிட்டேன். வைத்துக்கொள்.

ஜெஸ்ஸி


கார்மேல் மடம்
2 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணி,

இன்று கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி இன்னும் அணையவில்லை, அதன் வெளிச்சத்திலேயே எழுதுகிறேன். மதர் அனுமதி கொடுத்தார்கள்.

என் முறை வந்தது. அப்பா, அம்மா, குணசேகரன் என்று சொன்னேன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள், அடுத்த சகோதரி தன் வீட்டுப் பெயர்களைத் தொடங்கினார். வெளியே யாரும் நிற்கவில்லை. நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் தேதியை எழுதுங்கள், அன்று முழுக்க இங்கே உபவாசம் இருப்போம். முரளியின் கார்டு வந்ததும் அதில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அஸ்வினிக்கு அத்தையின் முத்தம், தமிழில்.

மாதக் கடைசியில் போன் வராது என்றீர்கள். கடைசி வாரம் உங்களுக்கு ஒரு கடிதம் வரும், திருவருகையோ தவக்காலமோ எதுவானாலும், மதரிடம் அனுமதி கேட்டு வாங்கிவிட்டேன். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். இந்த மாதத்துக்கு இப்போதே கேட்டுவிடுகிறேன். எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம், உள்ளதை எழுதினால் போதும்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அண்ணி?

மேரி